காற்றைக் குறைத்ததும் ஏறிய வண்டி

காட்டு மலைப்பாதையில், கூடாரம் போடும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு செங்குத்தான ஏற்றம். உதிரிக் கல்லும் ஈரமண்ணும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை.

சரி என்று ரிவர்ஸிலேயே சமதளத்துக்கு இறங்கி, டயர் காற்றை 35-லிருந்து 20 பிஎஸ்ஐ-க்குக் குறைத்தேன். காற்று குறைந்தால் டயர் தரையில் படும் பரப்பு நீளும். கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து பிடிக்கும். ரொம்பவும் குறைத்தால் ரிம்மிலிருந்து கழன்றுவிடும், கவனம். அப்புறம் ஃபோர் லோ (நான்கு சக்கரங்களுக்கும் மெதுவான வேகத்தில் அதிக இழுவிசை தரும் அமைப்பு), இரண்டாவது கியர், சீரான மிதி. வண்டி நிதானமாக ஏறிவிட்டது.

வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி) எல்லாம் பிறகு வாங்கலாம். காற்றழுத்தமானியும் 12 வோல்ட் கம்ப்ரஸரும்தான் முதலில். தார்ச்சாலையில் வேகமெடுக்கும் முன் காற்றை மறுபடி நிரப்பியே ஆக வேண்டும். இல்லையென்றால் டயர் சூடாகி வெடிக்கக்கூடும்.