பாலர் பள்ளி தேடும்போது பெற்றோர் சறுக்கும் இடங்கள்

மூத்தவளுக்கு நான்கு வயதானதும் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் பாலர் பள்ளியில் சேர்த்தோம். குளிர்சாதன அறை, சுவர் முழுக்க ஓவியம், ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளும் ஆசிரியை. மயங்கிவிட்டோம். இரண்டு வருடம் கழித்து, சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்று சீனப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்த்தபோதுதான் விழித்தோம். கணிதம், அறிவியல் உட்படப் பெரும்பாலான பாடங்கள் மாண்டரினில், இவளுக்கோ பள்ளியில் வைத்த சீனப் பெயரைச் சொல்லி ஆசிரியை கூப்பிடுவதுகூடப் புரியவில்லை. அந்த வருடம் முழுக்க மாலையில் டியூசன், இரவில் அழுகை.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான். எந்தப் பாலர் பள்ளி என்று முதலில் யோசிக்கிறோம், எந்த ஆரம்பப்பள்ளி என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். தலைகீழாக யோசியுங்கள். முதலாம் ஆண்டு தமிழ்ப்பள்ளியா, மலாயில் நடக்கும் தேசியப்பள்ளியா, சீனப்பள்ளியா என்று வீட்டில் சண்டை போட்டாவது முடிவெடுத்துவிட்டு, அந்த மொழிக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற இடத்தைத் தேடுங்கள். சீனப்பள்ளி என்றால் மாண்டரின் புழங்கும் பாலர் பள்ளி இல்லாமல் அனுப்புவது பிள்ளைக்குக் கொடுமை. தமிழ்ப்பள்ளி என்றால், "தமிழ்தான் வீட்டிலேயே பேசுகிறோமே" என்று இரண்டு வருடமும் ஆங்கிலப் பாலர் பள்ளியிலேயே விட்டுவிடாதீர்கள். பாட்டியிடம் கதை கேட்பது வேறு, எழுத்துக் கூட்டிப் படிப்பது வேறு. 247 எழுத்து சும்மா வராது. அதே நேரம் மலாயை ஓரங்கட்டவும் முடியாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைக்கு மலாய் தடுமாறினால் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் கூடுதலாகப் போய்விடலாம். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழ் வேண்டுமென்றால் மலாயில் தேறியே ஆக வேண்டும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். தாஸ்கா என்பது நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பராமரிப்பு நிலையம், சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். தாடிகா என்பது பாலர் பள்ளி, கல்வி அமைச்சில் பதிய வேண்டும். இரண்டையும் ஒரே கட்டடத்தில் நடத்துகிறார்கள், பலகையிலும் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபப்பட மாட்டார்கள். 'மொண்டிசோரி' (பிள்ளைகளே சாமான்களை எடுத்துப் புழங்கிக் கற்கும் முறை) என்ற பலகையைப் பார்த்தும் மயங்க வேண்டாம், அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியைக்கு அதில் பயிற்சி உண்டா, சாமான்களைப் பிள்ளைகள் எடுத்துப் புழங்குகிறார்களா, இல்லை கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அரசாங்கப் பாலர் பள்ளி என்றாலே முகம் சுளிப்பது இன்னொரு தவறு, எனக்கும் அந்த வியாதி இருந்தது. கல்வி அமைச்சின் பாலர் வகுப்புகள் தேசியப்பள்ளியிலும் சில தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கின்றன. வகுப்புக்கு 25 பிள்ளைகள்வரை, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், அவருக்கு உதவியாளர் ஒருவர். செலவும் குறைவு. இவை போக அரசாங்கத்தின் சமூக மேம்பாட்டுத் துறையான கெமாஸ் நடத்தும் தாபிகா, ஒற்றுமைத் துறையின் தாபிகா பெர்பாடுவான் என்ற பாலர் பள்ளிகளும் உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் மலாய்தான் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். தமிழ்ப்பள்ளி வளாகத்தில் இருப்பதெல்லாம் அமைச்சின் வகுப்பு என்றும் நினைக்காதீர்கள், வேறு அமைப்புகள் நடத்துவதும் உண்டு, யார் நடத்துகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பாலர் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டதே என்று முதலாம் ஆண்டுப் பதிவை மறந்துவிடவும் வேண்டாம், அது தனி.

ஆனால் அரசாங்க வகுப்பு நான்கு மணி நேரம்தான், மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையை யார் எடுப்பது? தாத்தாவா, வேன் அங்கிளா, பராமரிப்பு நிலையமா? இதற்குப் பதில் இல்லாமல் பாரத்தை நிரப்பாதீர்கள். ஜாலான் குச்சிங்கில் காலை நெரிசலில் ஒருநாள் நின்றுபார்த்தால், 'நல்ல பள்ளி, கொஞ்சம் தூரம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

காசு விஷயத்தில் மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவதுதான் நாங்கள் செய்தது. பதிவுக் கட்டணம், முன்பணம், புத்தகம், சீருடை, விளையாட்டு உடை, வருடக் கடைசியில் ஆட்டபாட்ட விழா, அதற்கு உடை, அதற்குப் படம்! ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் முன்பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். அனைத்துலகப் பள்ளி என்றால் இந்த ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் இடைநிலைப்பள்ளிவரை கூட்டிப் பாருங்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் நடுவில் அரசாங்கப் பள்ளிக்கு மாற்றினால் மலாயில் அடி வாங்குவது பிள்ளைதான்.

இன்னொன்று, நான்கு வயதில் சரளமாகப் படிக்க வைக்கிறோம் என்று பெருமை பேசும் இடங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கிறது என்று நமக்கும் கை பரபரக்கும், தெரியும். ஆனால் தேசிய பாலர் பள்ளிப் பாடத்திட்டமே விளையாட்டு வழிக் கற்றலைத்தான் முன்வைக்கிறது. தினமும் வீட்டுப்பாடம் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம், திறந்த நாளில் மட்டும் போய்ப் பார்க்காதீர்கள். அன்றைக்கு பலூன் கட்டியிருப்பார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு, தீனி நேரத்தில் போங்கள். அழுகிற பிள்ளையிடம் ஆசிரியை எந்தக் குரலில் பேசுகிறார் என்று காது கொடுங்கள். கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். சின்னவனுக்குத் தேடியபோது ஓரிடத்தில் அதை மட்டும் காட்ட மறுத்தார்கள், அங்கிருந்து அப்படியே காருக்கு வந்துவிட்டோம்.