ஒயில் லைட் எரிந்தால்: லொறிக்காரர் விடும் பிழைகள்

மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகும் ஏ34 வீதியில், இரண்டு பக்கமும் காடாக இருக்கிற இடத்தில், நெல் மூட்டை ஏற்றிய லொறியின் சிவப்பு ஒயில் லைட் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 'முல்லைத்தீவில போய்ப் பாப்பம்' என்று தொடர்ந்து ஓடுவதை விடப் பெரிய பிழை இல்லை. எஞ்சின் சூடேறினால் கொஞ்ச நேரமாவது தரும். ஒயில் பிரஷர் போனால் அதுகூடக் கிடையாது. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கும் அதைத் தாங்கும் பெயரிங்கும் ஒன்றோடொன்று உரசாமல் சுற்றுவது, இடையில் அழுத்தத்தோடு நிற்கும் மெல்லிய ஒயில் படலத்தால்தான். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இருந்தால் இன்னும் மோசம்: அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குக் கிட்டச் சுற்றுவது. ஆகவே ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிற்பாட்டுங்கள். பெரும்பாலான ஒயில் பிரஷர் சுவிட்சுகள், பிரஷர் அரை பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கிட்ட இறங்கிய பிறகுதான் லைட்டை எரிக்கும். லைட் எரியும்போதே நிலைமை முற்றிவிட்டது.

அடுத்தது, ஒயில் அளவு பார்க்கும் கோலை இழுத்துப் பார்த்து 'ஒயில் காணுமண்ணை, ஒண்டுமில்லை' என்று திரும்பவும் ஸ்டார்ட் பண்ணுவது. கோல் காட்டுவது அளவை. லைட் சொல்வது அழுத்தத்தை. எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தட்டமான சம்ப் நிறைய ஒயில் இருந்தும் பம்ப் இழுக்காமல் இருக்கலாம். அளவு பார்ப்பதிலும் பிழை விடுகிறார்கள்: குளக்கட்டுச் சரிவில் நிற்பாட்டிப் பார்த்தால் கோல் பொய் சொல்லும். சமதரையில் நிற்பாட்டி, ஒயில் கீழே இறங்கப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் சரி, எங்கே போனது என்று தேடலாம். கூடியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஊற்றாமலே கூடியிருக்கிறது, விரலில் தேய்த்தால் தண்ணியாக ஓடுகிறது, டீசல் மணக்கிறது என்றால் இன்ஜெக்டர் அல்லது டீசல் பம்ப் பக்கம் கசிந்து சம்புக்குள் இறங்குகிறது. டீசல் கலந்த ஒயில் பிரஷர் பிடிக்காது. ஒயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓடினால் அதே கதைதான் திரும்பவும்.

கராஜுக்குப் போனால் இரண்டு தீர்ப்புகள் அளந்து பார்க்காமலே வரும்: 'சுவிட்ச் பிழை' அல்லது 'ஒயில் பம்ப் அடிச்சிட்டுது'. முதலாவது சரியாகவும் இருக்கலாம். ஒற்றை வயர் போகும் பழைய வகைச் சுவிட்சில் எஞ்சினை ஓடவிடாமலே ஒரு சோதனை செய்யலாம். திறப்பைத் திருப்பி, லைட் எரிய, சுவிட்சில் இருந்து வயரைக் கழற்றுங்கள். லைட் அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கேயோ வண்டியின் இரும்புப் பொடியில் முட்டுகிறது. அணைந்துவிட்டால் வயர் மட்டில் சரி. சுவிட்சா பிரஷரா என்பது அப்போதும் தெரியாது. அதற்குச் சுவிட்சைக் கழற்றிய துளையில் பிரஷர் மீற்றரைப் பூட்டித்தான் பார்க்க வேண்டும். மரை ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு விதம், பொருந்தாததை முறுக்கி ஏற்றினால் பிளாக் வெடிக்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு அளவிடுங்கள். குளிர்ந்த ஒயில் தடிப்பாக இருப்பதால் தேய்ந்த எஞ்சினும் காலையில் நல்ல பிள்ளை. கைநூலில் உள்ள அளவுதான் முடிவு. பொதுவாக ஐட்லிங்கில் (அக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) 1 பாரும், 2000 சுற்றில் 3 பாருக்குக் கிட்டவும் இருந்தால் பயமில்லை. சூட்டில் ஐட்லிங்கில் மட்டும் விழுந்தால் பெயரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒயில் மெலிந்திருக்கலாம். ஸ்டார்ட்டில் நன்றாக இருந்து, ஓட ஓட இறங்கி, நிற்பாட்டி வைத்தால் திரும்ப வருகிறது என்றால் சம்புக்குள் இருக்கும் வடியை, அதாவது பம்ப் ஒயில் இழுக்கும் வாயில் உள்ள வலையை, சந்தேகியுங்கள். அண்மையில் சம்ப் கழற்றியிருந்தால் கட்டாயம் பாருங்கள். கேஸ்கட்டுக்கு அளவுக்கு மேல் பூசிய சிலிக்கன் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, வடியில் ஒட்டிக்கொள்வது நம்முடைய கராஜ்களில் புதிதில்லை.

'வன்னி வெயிலுக்குத் தடிச்ச ஒயில் விடுங்கோ' என்கிற ஆலோசனையும் உண்டு. 15டபிள்யூ-40 (ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் எண்) கேட்கும் எஞ்சினுக்கு இன்னும் தடிப்பானதை விட்டால் மீற்றர் முள் ஏறும், லைட்டும் அணையும். தேய்ந்த பெயரிங் தேய்ந்தபடியே இருக்கும்.

கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் எறிவதும் பிழைதான். தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் கடதாசி மடிப்பை விரித்து, ஒயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் பெயரிங்கின் மேல்பூச்சுப் போய் உள்படை தேய்கிறது. இனிப் பம்ப் மாற்றிப் பயனில்லை, சம்பை இறக்கத்தான் வேண்டும். அப்படி இறக்கிப் பெயரிங் மாற்றினால், ஒயில் கூலரையும் ஒயில் போகும் துளைகளையும் கழுவாமல் பூட்ட விடாதீர்கள். உள்ளே மிஞ்சிய தூள் புதுப் பெயரிங்கையும் தின்றுவிடும்.