மூளைக் காயம்பட்ட குட்டிக் குரங்கு கூட்டத்தில் எப்படிப் பழகுகிறது: கவனித்துப் பதியும் முறை

பிறந்த சில வாரங்களில் அமிக்டலா (மூளையில் ஆபத்தையும் பயத்தையும் கையாளும் சிறு பகுதி) பாதிக்கப்பட்ட ரீசஸ் இனக் குரங்குக் குட்டியின் காணொளியைப் பார்த்ததும், "இது கூட்டத்தோடு ஒட்டவில்லை" என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். காயம் எந்த முறையில் ஏற்பட்டது, குட்டி யாரிடம் வளர்ந்தது, இப்போது அதன் வயது என்ன என்பவை தெரியாமல் அந்த வரிக்குப் பொருளில்லை.

முதலில் அறுவைக் குறிப்பைப் படியுங்கள். 1930களின் இறுதியில் சிகாகோவில் க்ளூவர், பூசி என்ற இரு ஆய்வாளர்கள் வளர்ந்த ரீசஸ் குரங்குகளின் பொட்டு மடல்களை (அமிக்டலாவை உள்ளடக்கிய மூளைப் பக்கப் பகுதிகளை) இருபுறமும் அகற்றினார்கள். அவை பாம்பையும் தயங்காமல் நெருங்கின, கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்தன. அகற்றிய பகுதி பெரிது என்பதால் எதன் இழப்பு எதற்குக் காரணம் என்று பிரிக்க முடியவில்லை. அமிக்டலாவை மட்டும் உறிஞ்சி எடுத்தாலும் இதே சிக்கல்தான்: பக்கத்துப் புறணி (மூளையின் மேலடுக்கு) சிதையும், ஊடே செல்லும் நரம்பிழைகள் அறுபடும். மாறாக, ஊசியால் செலுத்தும் ஐபோடெனிக் அமிலம் நரம்பணுக்களைக் கொன்று, கடந்து செல்லும் இழைகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஆகவே உறிஞ்சலா அமிலமா, இரு பக்கமும் எவ்வளவு அழிந்தது என்பதை எம்.ஆர்.ஐ. படத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் தப்பியிருந்தாலும் நடத்தை மாறக்கூடும்.

அடுத்தது வளர்ப்பு. அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் விஸ்கான்சின் ஆய்வகத்தில் தனிமையில் வளர்ந்த குட்டிகளுக்கு மூளையில் எந்தக் காயமும் இல்லை. ஆனாலும் தம்மையே கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. தாயில்லாமல் வளர்ந்த குட்டியின் ஒதுக்கத்தைக் காயத்தின் தலையில் கட்டுவதுதான் இத்துறையில் எளிதாக நேரும் பிழை. அதே முறையில் வளர்ந்து, அதே அறுவைக்கு உட்பட்டும் மூளை சேதமாகாத குட்டிகள் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும்.

இனிப் பதிவு. ஒரு குட்டியை 5 நிமிடம் விடாமல் பாருங்கள், பிறகு அடுத்த குட்டி. வரிசையைத் தினமும் மாற்றுங்கள். எது காயம்பட்ட குட்டி என்று பதிபவருக்குத் தெரியக்கூடாது. பேன் பார்ப்பது, தொட்டுக்கொண்டிருப்பது போன்றவற்றுக்குக் கால அளவு எடுங்கள். மிரட்டல், கீச்சிடல் போன்றவற்றுக்கு எண்ணிக்கை. ஒரு கை நீளத்துக்குள் இருந்தால் 'அருகில்' என்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் வரையறையை முன்பே எழுதிவைக்க வேண்டும். இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிடுங்கள். இருவர் பதிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா மதிப்பு 0.8-க்குக் கீழே போனால் வரையறையில் ஓட்டை இருக்கிறது.

அதிகம் தவறுவது முகபாவனையில். உதடுகளைப் பின்னிழுத்துப் பற்கள் தெரிய இளிப்பது பயமும் பணிவும். புதிதாகப் பதிபவர்கள் அதை விளையாட்டு என்று போட்டுவிடுகிறார்கள். விளையாட்டில் வாய் தளர்வாகத் திறந்திருக்கும், உடலும் துள்ளும். வாயைத் திறந்து வெறித்துப் பார்த்தால் மிரட்டல். உதட்டை வேகமாகச் சப்புக்கொட்டினால் நட்பு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கோயில் வளாகத்து நாட்டுக் குரங்குகளைத் தள்ளி நின்று பார்த்துப் பழகலாம், தீனி கொடுக்காமல்.

பழகும் ஆர்வத்தையும் பயத்தையும் தனித்தனியே சோதியுங்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸில் டேவிட் அமரலின் குழு, 2 வார வயதில் அமிலத்தால் அமிக்டலாவை அழித்து, குட்டிகளைத் தாயிடமே திரும்ப விட்டது. அவை தாயை ஒட்டியே இருந்தன, மற்றக் குட்டிகளோடும் பழகின. பொம்மைப் பாம்புக்கு மட்டும் அஞ்சவில்லை; புதிய குரங்கைக் கண்டாலோ அளவுக்கு மீறி அஞ்சின. பால்குடி மறக்கும் 6 மாத வயதில் பிரித்து, தாயையும் தெரிந்த இன்னொரு பெண் குரங்கையும் எதிரில் வைத்தபோது ஒப்பீட்டுக் குட்டிகள் தாயிடம் ஓடின. அமிக்டலா இல்லாதவை அப்படித் தாயை நாடவில்லை, கத்தியதும் குறைவு. பாசம் இல்லை என்று இதற்குப் பொருள் சொல்லிவிடலாம். ஆனால் பிரிவை ஆபத்தாக உணராத குட்டிக்குத் தாயிடம் ஓட அவசரமில்லை என்ற விளக்கமே மற்ற முடிவுகளோடும் பொருந்துகிறது. சோதனையில் ஆபத்தின் அறிகுறி எது என்று எழுதாமல் விட்டால் இந்த வேறுபாடு கைநழுவும்.

வயது விஷயத்தில் பொறுமை தேவை. குட்டியிலேயே நெற்றி மடலின் முன்பகுதியில் மேற்பக்கப் புறணி சேதமான ரீசஸ் குரங்குகள் ஒரு வயதுவாக்கில் நினைவுச் சோதனையில் நன்றாகவே செய்து, வளர்ந்த பிறகு தடுமாறியதை பட்ரீசியா கோல்ட்மன் 1970களில் காட்டினார். அந்தப் பகுதி முதிர்ந்து வேலைக்கு வரும்போதுதான் அதன் இல்லாமை தெரிகிறது. ஆகவே 3 மாதம், 6 மாதம், 1 வயது எனப் பதிந்ததோடு நிறுத்தாமல், பருவம் எய்தும் 3 முதல் 4 வயதில் அதே வரையறைகளோடு மறுபடியும் பதியுங்கள். இடையில் கூண்டுத் துணை மாறியிருந்தால் அந்தத் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.