டிசிசி வயரிங் சரியா? ஒரு நாணயம் போதும்

டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி வண்டிகளை ஓட்டும் முறை) மாடல் ரயில் லேஅவுட்டில் வயரிங் முடிந்ததும் வண்டிகளை எடுத்துவிட்டு, பூஸ்டரை (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஆன் செய்து, ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே அழுத்திப் பாருங்கள், முக்கியமாக ஃபீடர் வயரிலிருந்து (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர்) தள்ளி இருக்கும் இடங்களில். உடனே பூஸ்டர் டிரிப் ஆனால், அதாவது மின்சாரத்தைத் துண்டித்தால், சரி. ஆகவில்லையா, அங்கே வயரிங்கின் ரெசிஸ்டன்ஸ் அதிகம். அப்புறம் ஒரு வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனாலும் பூஸ்டருக்குத் தெரியாது, 3 அல்லது 5 ஆம்பியர் அந்தச் சக்கரங்கள் வழியாகவே ஓடி பிளாஸ்டிக் உருகும். தண்டவாள இணைப்புத் தகடுகளை நம்பாமல் அங்கே இன்னொரு ஃபீடரை சாலிடர் செய்துவிடுங்கள்.

பழைய டிசி (டிசிசி அல்ல, சாதாரண நேர் மின்னோட்ட) பவர் பேக்கில் இதைச் செய்ய வேண்டாம், பலவற்றில் பிரேக்கர் மெதுவாகத்தான் வெட்டும். தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர் உள்ள ஓ கேஜுக்கு நாணயம் எட்டாது, ஸ்க்ரூடிரைவர் வையுங்கள்.