செம்பருத்தி பானம்: தேயிலை என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

நிறம் வரவில்லை, புளிப்பே இல்லை, குடித்தால் வழவழவென்று இருக்கிறது. செம்பருத்தி பானம் பற்றி இப்படி வருத்தப்படுபவர்களில் பலர் தொடக்கத்திலேயே வேறு செடியை எடுத்திருப்பார்கள். எகிப்திலும் சூடானிலும் கர்கதே, செனகலில் பிசாப், நைஜீரியாவில் சோபோ, ஜமைக்காவில் சோரல் என்று குடிக்கப்படும் அந்தச் சிவப்புப் பானம் எல்லாமே ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா என்ற செடியிலிருந்து வருகிறது. ரோசெல் என்பார்கள். இதன் இலைதான் புளிச்சகீரையாகச் சமையலுக்கு வருகிறது. பெரிய சிவப்புப் பூவுக்காக வளர்க்கும் செம்பருத்தி, அதாவது ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ், இதற்கு உறவுதான், ஆனால் வேறு செடி.

ரோசெல்லில் பூவிதழுக்குப் பெரிய வேலை இல்லை. வெளிர் மஞ்சள் இதழ் வாடி விழுந்த பிறகு, காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு தடித்து நிற்கும் சிவப்புப் புல்லிவட்டத்தைத்தான் பறித்து, உள்ளே இருக்கும் விதைக்காயை நீக்கிக் காயவைக்கிறார்கள். நிறமும் புளிப்பும் அங்கேதான். இந்தப் புளிப்பை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. இதைத் தேயிலையாக நினைக்காமல் புளியாக நினைத்துக் கையாளுங்கள்.

அப்படி நினைத்தால் அலுமினியப் பாத்திரத்தில் கை போகாது. அமிலம் அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும். பானத்தில் உலோகச் சுவை ஏறும், நிறமும் கெடும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் எதுவும் சரி. பாலும் சேர்க்கத் தோன்றாது, ஏனென்றால் திரிந்துவிடும். இந்தச் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி, அமிலத்தில் சிவப்பாக இருக்கும். அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கூடினால் ஊதாவாகவும் நீலமாகவும் மாறும். கேக் மாவில் செம்பருத்திச் சாற்றை ஊற்றி, சமையல் சோடாவும் போட்டுவிட்டு, சாம்பல் நீலமாக வந்துவிட்டதே என்று பதறுவதும் இதனால்தான். கெட்டுப்போகவில்லை, வேதியியல் அப்படி. உப்புத்தன்மை கூடிய கடின நீரில் ஊறவைத்தாலும் நிறம் மங்கலாம். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

காய்ந்த புல்லிவட்டத்தில் மண்ணும் தூசியும் இருக்கும் என்பதால் கழுவத்தான் வேண்டும். ஆனால் தண்ணீரில் போட்டுவைத்துக் கழுவினால் நிறம் முதலில் அந்தத் தண்ணீரோடு போய்விடும். வடிகட்டியில் போட்டு, ஓடும் நீரில் ஒரு அலசு அலசினால் போதும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஒரு கைப்பிடி போட்டு மூடி, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். நீண்ட நேரம் கொதிக்கவிடுவது பலர் செய்யும் தவறு. துவர்ப்பு ஏறும், மணம் போகும், நிறமும் பழுப்பாகும். குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவைப்பது இன்னும் மென்மையான முறை. என் விருப்பம் அதுதான்.

தோட்டத்துச் செம்பருத்தியில் குடிக்கவே கூடாதா? தாராளமாகக் குடிக்கலாம். பச்சைக் காம்புப் பகுதியையும் நடுத்தண்டையும் நீக்கி, இதழை மட்டும் வெந்நீரில் போட்டு, கொஞ்ச நேரத்தில் வடித்துவிட வேண்டும். நேரம் கூடினால் வழவழப்பு கூடும். மங்கிய ஊதாவாக இறங்கும் சாறு எலுமிச்சை பட்டதும் சிவக்கும். புளிப்பு எலுமிச்சையிலிருந்துதான் வரும். மாவுப்பூச்சி எளிதாகப் பிடிக்கும் செடி என்பதால் மருந்து அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அலங்காரத்துக்கு விற்கிற பூவையும், மருந்து அடித்ததா என்று தெரியாத பூவையும் வாயில் வைக்காதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது இதை மருந்தாக்கிவிடுவது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருந்தவர்கள் தினம் 3 கோப்பை வீதம் 6 வாரம் குடித்தபோது மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது. நல்ல செய்திதான். அதற்காக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மாத்திரையோடு சேர்த்து நிறையக் குடித்தால் அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கவும் கூடும். அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. உடம்புக்கு நல்லது என்று தொடங்கி, புளிப்பை அடக்கக் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை கொட்டினால் குளிர்பானத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. தண்ணீரைக் கூட்டினாலே புளிப்பு தணியும். இஞ்சியோ புதினாவோ சேர்த்தால் சர்க்கரை குறைவாகப் போட்டாலும் சுவை நிற்கும்.

வடித்த பானம் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். சக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். மெக்சிகோவில் அதை வெங்காயத்தோடு வதக்கி டாக்கோ என்ற மடித்த ரொட்டிக்குள் வைக்கிறார்கள். காயவைக்காத ரோசெல் கிடைத்தால் ஜாம் செய்து பாருங்கள். ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் அதில் இயல்பாகவே இருப்பதால் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை.