ஊருக்கு வந்த பிறகு வரும் மலேரியா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் களியக்காவிளைப் பக்கத்து அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) இருந்து, முந்திரிக் கொட்டை வாங்க ஆப்பிரிக்கா போகும் ஆட்கள் உண்டு. தான்சானியாவின் ம்ட்வாராவில் அக்டோபரில் சீசன் தொடங்கும். அப்படிப் போய் வந்த ஒரு பையன் போன மாதம் டீக்கடையில் நடுங்கியபடி பாராசிட்டமால் விழுங்கிக்கொண்டிருந்தான். “சளிக் காய்ச்சல்தான் அண்ணா” என்றான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். வண்டியில் ஏற்றி லேபுக்குக் கொண்டுபோனேன்.

கொசுவலை கட்டு, சாயங்காலம் முழுக்கை போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மூட்டைக்காரரைப் பார்த்து நம்மை எடைபோடுவது

ம்ட்வாரா குடோனில் மூட்டை தூக்குபவர் காய்ச்சலோடு ஒரு நாள் படுப்பார், மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார். இவ்வளவுதானா மலேரியா என்று தோன்றும். அவர் சின்ன வயதிலிருந்தே கடிபட்டுக் கடிபட்டு ஓரளவு எதிர்ப்பைச் சேர்த்து வைத்திருப்பவர். அவரே சில வருஷம் வெளிநாட்டில் இருந்தால் அது குறைந்துபோகும். நமக்கோ அது அறவே கிடையாது. அங்கே அதிகம் இருப்பது ஃபால்சிபாரம், ஆளைக் கொல்லும் வகை.

விமானம் ஏறியதும் தடுப்பு மாத்திரையை நிறுத்துவது

டாக்சிசைக்ளின், மெஃப்ளோகுயின் இரண்டையுமே ஊர் திரும்பிய பின் நான்கு வாரம் தொடர வேண்டும். கிருமி முதலில் கல்லீரலில் இருந்து பெருகி, ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் ரத்தத்துக்கு வரும். இந்த மாத்திரைகள் அதைப் பிடிப்பது ரத்தத்தில். நான் மிச்ச டாக்சிசைக்ளினை தார் எஸ் சலாம் விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஊரில் வந்தால் ஊர்க் காய்ச்சல் என்று நினைப்பது

கிறிஸ்துமஸுக்கு வந்தேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல். இங்கே டாக்டர், “சமீபத்தில் வெளியூர் எங்கேயாவது போனீர்களா?” என்று கேட்டார். “பாறசாலைக்கு, ஒரு கல்யாணத்துக்கு” என்றேன். எல்லையோர ஆட்களுக்கு வெளியூர் என்றால் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், கேரளம்தானே! அங்கே எலிக்காய்ச்சல் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் எலிக்காய்ச்சலுக்கு எழுதிக் கொடுத்தது, நான் குப்பையில் போட்ட அதே டாக்சிசைக்ளின். தொடங்கிவிட்ட மலேரியாவுக்கு அது மட்டும் போதாது.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போய் ரத்தம் பார்த்தோம். பிளேட்லெட் 62,000. டெங்கு என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது, பப்பாளி இலைச் சாறு வந்தது. மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்கும் என்பது எங்களுக்கு யாருக்கும் தெரியாது. ஒரு சீட்டு தமிழ்நாட்டில், இன்னொன்று கேரளத்தில். இரண்டிலும் தான்சானியா என்ற சொல்லே இல்லை.

ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது. கொட்டை விலையைச் சொல்லி உளறிக்கொண்டிருந்தேனாம். ராத்திரி பெரிய ஆஸ்பத்திரியில் மச்சான்தான் பேச்சுவாக்கில் சொன்னான்: “ஆப்பிரிக்காவில இருந்து வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது டாக்டர்.” அந்தப் பெண் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். உடனே ஸ்மியர் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் கிருமி பார்ப்பது), அப்புறம் மலேரியாவுக்கு நரம்பில் ஆர்ட்டிசுனேட் ஊசி. நான்கு நாள் ஐசியூ. அந்த சீசன் கமிஷன் முழுக்க அங்கேயே போனது.

ஃபால்சிபாரம் முற்ற 24 மணி நேரம் போதும். நான் ஐந்து நாளைத் தொலைத்தேன். டாக்டர் கேட்கவே இல்லை என்று யார் மேலாவது பழி போடலாம் என்றால், அவர் கேட்டார்! நான்தான் பாறசாலை என்றேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

கடித்த 7 முதல் 14 நாளில் காய்ச்சல் வருவது வழக்கம், மாதக்கணக்கில் தள்ளியும் வரலாம். ஊர் திரும்பிய முதல் மூன்று மாதம் ரொம்பவே கவனம் வேண்டும். ஒரு வருஷம் வரைக்கும் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும், டாக்டர் கேட்கும் முன்பே எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று சொல்லி மலேரியா டெஸ்ட் கேளுங்கள்.

ஒரு டெஸ்டோடு விட்டுவிடுவது

டீக்கடையில் பார்த்த பையனுக்கு முதல் ஸ்மியர் நெகட்டிவ், மறுநாள் பாசிட்டிவ். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று தடவையாவது பார்க்க வேண்டும்.

ஆஸ்பிரின், ஐபுரூஃபன்

பிளேட்லெட் இறங்கியிருக்கும்போது வேண்டாம்.

வெறும் கஞ்சியோடு மாத்திரை

பையனுக்குக் கொடுத்தது ஆர்ட்டிமீதர்-லூமிஃபேன்ட்ரின் என்ற மலேரியா மாத்திரை. பெரியவர்களுக்கு வேளைக்கு நான்கு மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை. லூமிஃபேன்ட்ரின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்: பால், முட்டை, தேங்காய் அரைத்த குழம்பு, எதுவானாலும் சரி. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியைப் பெட்டியில் எடுத்து வைக்கப் பார்த்தான். எண்ணி வாங்கி விழுங்க வைத்தேன்.

எழுந்ததும் வேலைக்கு ஓடுவது

சிவப்பணுக்கள் உடைந்துபோயிருக்கும், வாரக்கணக்கில் மூச்சு வாங்கும். ஆர்ட்டிசுனேட் ஊசி போட்ட சிலருக்கு, குணமான பிறகும் ரத்தம் மறுபடி உடையும். அதனால் நான்கு வாரம், வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டாம் வாரத்தில் இறங்கியது.

பையன் திங்கட்கிழமையே லோடு இறக்கப் போகிறேன் என்றான். “மாடி ஏறிக் காட்டு பார்ப்போம்” என்றேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.