உங்கள் சுபாவத்துக்கு ஏற்ற செபமுறையைக் கண்டுகொள்வது எப்படி?

பெங்களூரு சிவாஜிநகரின் புனித மரியன்னை பேராலயத்தில் பின்வரிசையில் பத்து நிமிடம் அமர்ந்திருந்தால் போதும். ஒருவர் செபமாலை மணிகளை உருட்டுவதையும், இன்னொருவர் மாதா சுரூபத்தை நிமிர்ந்து பார்த்து முறையிடுவதையும், வேறொருவர் கண்களை மூடி உதடு அசையாமல் இருப்பதையும் ஒரே நேரத்தில் காணலாம். இவர்களில் எவருடைய பக்தி பெரிது என்று அளக்க நமக்குக் கோல் கிடையாது. ஆனால் தமக்கு ஒத்துவராத முறையைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்குச் செபிக்கவே வரவில்லை’ என்று முடிவுகட்டுபவர்கள் பலர். நானும் ஒரு தியானக் கூட்டத்தில் கேட்டதை நம்பி, தினமும் அரை மணி நேர மௌனத்தை இரண்டு மாதம் முயன்றேன். கடிகாரத்தைப் பார்த்ததுதான் மிச்சம்.

ஆகவே முதல் வாரம் எந்தப் புதிய முறையையும் தொடங்க வேண்டாம். உங்கள் மனம் தானாகவே எப்போது ஒருமுகப்படுகிறது என்பதை மட்டும் கவனித்துவாருங்கள்: காய் நறுக்கும்போதா, தனியே நடக்கும்போதா, பாடும்போதா, ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போதா?

மனக்கண்ணில் காட்சிகள் எளிதில் விரிபவர்களுக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காட்டிய கற்பனைவழிச் செபம் பொருந்தும். மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் பார்வையற்ற பர்த்திமேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். எரிகோவின் வழியோரத்தைக் கண்டதில்லை என்றால் சிவாஜிநகர் பேருந்து நிலையத்தின் புழுதியும் இரைச்சலும் போதும். கூட்டம் அவரை அதட்டுகிறது, அவர் இன்னும் உரக்கக் கூவுகிறார், மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுகிறார். ‘நான் உமக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்று இயேசு அவரிடம் கேட்ட கேள்வி இப்போது உங்களை நோக்கி வருகிறது. அதற்குச் சொல்லும் பதில்தான் செபம். காட்சி அதுவரை கொண்டுபோய் விடும் வழி மட்டுமே.

கணக்குப் பார்க்கும் மனம் உடையவர்களுக்கு, அதாவது இந்த நகரத்தின் அலுவலகங்களில் நாள் முழுதும் பட்டியல் போடுபவர்களுக்கு, இஞ்ஞாசியாரே வலியுறுத்திய ஆன்ம சோதனையைச் சொல்வேன். இரவில் கால் மணி நேரம் போதும்: நன்றி கூறுவது, ஒளி கேட்பது, அன்றைய பொழுதைக் காலையிலிருந்து மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, மறுநாளுக்கு உறுதி எடுப்பது. இந்த வரிசையை மாற்றி, தவறிலிருந்து தொடங்குபவர்கள் சீக்கிரமே தங்களைத் தாங்களே விசாரிக்கும் நீதிமன்றத்தில் போய் நிற்பார்கள். நன்றி முதலில் வருவது அதனால்தான்.

படிப்பாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ, வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைப்பிரசன்னத்தில் ஆழ்ந்திருத்தல் என்று நான்கு படிகளைச் சொன்னார். படிப்பாளிகள் பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே குடியேறிவிடுவார்கள். ஒரே வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுவது நல்ல மருந்து. கை வேலையில் மனம் அடங்குபவர்கள், 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தின் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே இறைவனோடு பேசிக்கொண்டிருந்த சகோதரர் லாரன்சை நினைக்கலாம். உட்கார்ந்தால் கால் துடிப்பவர்கள் மெட்ரோவில் நின்றபடியே செபமாலை சொல்லலாம். ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை 53 முறை சொல்லி முடிக்க ஏறக்குறைய இருபது நிமிடங்கள் ஆகும். சொற்களே வறண்டுபோன துயரத்தில் இருப்பவர்களுக்கு, ஆறுதல் வரி இல்லாமல் இருளிலேயே முடியும் 88ஆம் திருப்பாடல் இருக்கிறது.

தேர்ந்த முறைக்கு ஒரு மாதமாவது கொடுங்கள். செபிக்கும்போது இன்பமாக இருந்ததா என்பதைவிட, அன்று வீட்டாரிடம் பேசிய குரல் சற்றே தணிந்ததா என்று பாருங்கள். இடையில் வறட்சி வந்தால் உடனே முறையை மாற்றாதீர்கள். மனச்சோர்வின் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் விதி. மனம் தெளிந்த நாளிலும் அது ஒட்டவில்லை என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் எவரும் தங்கள் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டாம்: தனிமையே பிடித்தவராக இருந்தாலும் ஞாயிற்றுத் திருப்பலிக்குப் போய், பக்கத்தில் சுருதி தப்பிப் பாடுபவரோடு சேர்ந்து நீங்களும் பாடுங்கள்.